யாரும் ஆட்சேபிக்கவில்லை

டீயில் சர்க்கரை போட மறந்திருந்தால் அதை அப்படியே குடித்து முடிப்பவர் அவர். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "நான்தான் சொல்ல மறந்துட்டேன் போல" என்பார். டீக்கடையில் சர்க்கரை போடச் சொல்லி யாராவது தனியாகச் சொல்வார்களா என்று கேட்டால் அதற்கும் ஒரு சிரிப்பு. அவர் ஏறுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டால் கண்டக்டர் மேல் தப்பில்லை, இவர்தான் மெதுவாக நடந்தார். கரண்ட் போனால்கூட, வேலையைக் காலையிலேயே முடித்திருக்க வேண்டும் என்று தன்னைத்தானே நொந்துகொள்வார். ஊரில் நடக்கிற எல்லாத் தப்பையும் இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிற அப்படி ஒரு மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நகரியில் புத்தூர் ரோட்டில், ஒரு மாடிப்படிக்குக் கீழே அவருடைய கடை. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கம்ப்யூட்டர் ரிப்பேர். போர்டில் தெலுங்கு பெரிதாக இருக்கும், தமிழ் சின்னதாக இருக்கும். எனக்கு அவர் அக்கா. உறவு ஒன்றும் இல்லை, என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், அவ்வளவுதான். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. மரியாதைக்காகத்தான் எழுதவில்லை என்று முதலில் நினைத்துக்கொண்டிருந்தேன். பயம் என்பதுதான் சரி.

எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்த அந்த நாட்களில் நான் பெங்களூரிலிருந்து நகரிக்கு வந்துவிட்டிருந்தேன். எங்கள் வீட்டில் நைனாவின் பவர்லூம் இரண்டு ஓடும். அந்தச் சத்தத்தில் நான் மீட்டிங்கில் பேசுவது எனக்கே கேட்காது. தறி நின்றால் கரண்ட் இல்லை என்று அர்த்தம், அப்போது நெட்டும் இருக்காது. தறி ஓடினாலும் வேலை இல்லை, நின்றாலும் வேலை இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன். ஒரு வாரம் என்று போனவன் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தேன். ஃபேனுக்கு நேரே இருந்த ஒரே நல்ல நாற்காலி என்னுடையதாகிவிட்டது. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது, என் மீட்டிங் பாதியில் நின்றுவிடக் கூடாது என்று தன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, பேனாவை எடுத்து விண்ணப்பங்களைக் கையால் எழுத ஆரம்பிப்பார்.

"எதுக்குக்கா?" என்பேன்.

"எனக்கு இன்னா அவசரம். நீ பேசு தம்பி."

நானும் பேசினேன். வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லவில்லை.

அவருடைய நிஜமான திறமை பழைய கம்ப்யூட்டர்களில் இருந்தது. சத்தியவேடு பக்கத்துத் தொழிற்சாலைகளும் சென்னை ஆபீஸ்களும் கழித்துப்போடுகிற மெஷின்கள் காயலான் கடை வழியாக அவரிடம் வந்து சேரும். துடைத்து, ஊதி, எதையோ கழற்றி எதிலோ மாட்டி உயிர் கொடுத்துவிடுவார். பிறகு அதில் லினக்ஸ் ஏற்றுவார், கம்ப்யூட்டரையே ஓட்டுகிற மென்பொருள். அது யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடியது. எந்தக் கம்பெனியும் அதற்கு முதலாளி இல்லை. உலகம் முழுக்கப் பலபேர் ஓய்வு நேரத்தில் சேர்ந்து செய்வது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, உரக்கடையின் பில், பஞ்சாயத்து ஆபீஸ் மூலையில் ஒரு மெஷின் என்று நகரியைச் சுற்றி அவர் ஏற்றிக்கொடுத்தவை ஐம்பது அறுபதாவது இருக்கும்.

அந்த லினக்ஸை ஏற்ற அப்போது இரண்டு வழி இருந்தது. ஒன்று படத்திரை. வண்ணமாக இருக்கும், மவுஸால் தட்டித் தட்டிப் போகலாம், ஆனால் கொஞ்சம் நல்ல மெஷினாக இருக்க வேண்டும். இன்னொன்று எழுத்துத்திரை. நீலத்தில் ஒரு சாம்பல் பெட்டி, கீபோர்டு மட்டும் போதும், பார்க்க லட்சணமாக இருக்காது, ஆனால் எப்பேர்ப்பட்ட கிழட்டு மெஷினிலும் ஏறிவிடும். தொடங்கும்போது வருகிற பட்டியலில் அது இரண்டாவது வரி. கீழ் அம்புக்குறி ஒரு தட்டு, எண்டர். அக்காவுக்கு அதற்கு மேல் திரையைப் பார்க்கவேண்டிய அவசியம்கூட இல்லை. எந்த இடத்தில் எத்தனை தட்டு என்று விரல்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் யாரோ ஒருவரிடம் தெலுங்கில் ஆதார் நம்பர் கேட்டுக்கொண்டே இன்னொரு கையால் ஏற்றிக்கொண்டிருப்பார். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால், "இந்த புத்தூர் பஸ் போயி அடுத்தது வர்றதுக்குள்ள ஆயிடும்" என்பார். அப்படியே ஆகும்.

அந்த லினக்ஸைச் செய்கிற பலபேரில் நானும் ஒருவன் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. அதிலும், ஏற்றுகிற அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்கிற மூன்று பேரில் ஒருவன். முதல் மாதம், ஒருநாள் சொல்லி அசத்த வேண்டும் என்று தள்ளிப்போட்டேன். பிறகு சொல்ல முடியாமல் போய்விட்டது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் திருப்பதிக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும்.

திருப்பதியில் ஒரு கடையில் மெமரி கார்டுகள் வாங்கினார், கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிறவை. நான்கில் இரண்டு வேலை செய்யவில்லை. "நான் மாட்டும்போது கை அழுத்தம் பட்டிருக்கும்" என்று எடுத்து டிராயரில் போட்டுவிட்டார். எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். மறுநாள் அவரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன். கடைக்காரரிடம் தெலுங்கில் கால் மணி நேரம் சண்டை போட்டேன். அவர் கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே வேறு இரண்டு எடுத்துக்கொடுத்தார். நான் ஜெயித்துவிட்டு வெளியே வந்தால் அக்காவைக் காணோம். உள்ளே நின்று கடைக்காரரிடம், "ஏமி அனுகோகண்டி அன்னா" என்று, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாமென்று, கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்கு உபதேசம் செய்தேன். "கேட்டாத்தான்க்கா கிடைக்கும். உங்கள மாதிரி வாய மூடிக்கினு இருந்தா, ஏமாந்தவங்க இருக்காங்கன்னே அவனுக்குத் தெரியாது."

"கேட்டா அவருக்குக் கஷ்டமா இருக்கும் இல்ல தம்பி" என்றார்.

இதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். எதையாவது நீக்க வேண்டுமென்றால் குழுவின் பக்கத்தில் அறிவிப்பு எழுதிவிட்டு இரண்டு வாரம் காத்திருப்போம். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம். யார் எதைப் பயன்படுத்துகிறார்கள் என்று நாங்கள் வேவு பார்ப்பதில்லை. அது எங்கள் கொள்கை, அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆகவே எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் குறை சொல்லி எழுதுகிறவர்களை மட்டும்தான். மற்றவர்கள் இருக்கிறார்களா என்பதே தெரியாது.

எழுத்துத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் விலகிப்போய் அது என் தலையில் விழுந்திருந்தது. ஒவ்வொரு முறை புதிய பதிப்பு வரும்போதும் இரண்டு வழிகளையும் ஏற்றி ஏற்றிச் சோதிக்க வேண்டும். படத்திரை சரியாக இருக்கும், இது எங்காவது இடிக்கும். இரண்டு வருடமாக என் சனி ஞாயிறுகளை அது தின்றுகொண்டிருந்தது. ஒருநாள் அலுத்துப்போய், இதை எடுத்துவிடலாம் என்று அறிவிப்பு எழுதினேன். எழுதியது அக்கா கடையில், அக்காவின் நெட்டில், ஃபேனுக்கு நேரே இருந்த அந்த நாற்காலியில். "எனக்குத் தெரிந்தவரை இதை இன்று யாரும் பயன்படுத்துவதில்லை" என்று ஒரு வரி அதில் உண்டு. எனக்குப் பின்னால் இரண்டு முழ தூரத்தில் அவர் அதே எழுத்துத்திரையில் தட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அனுப்புவதற்கு முன் ஒரு தடவை திரும்பிக் கேட்டேன். அதுவும் உண்மை.

"அக்கா, இந்த எழுத்துத்திரை இல்லாம பூட்டா இன்னா பண்ணுவீங்க?"

"ஏன், போவப்போவுதா?"

"சும்மாதான் கேட்டேன்."

"பூட்டா இன்னா. வேற வழி எதுனா வச்சிருப்பாங்க. நாமதான் தேடிக் கத்துக்கணும்."

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இவர் எதையும் சமாளித்துக்கொள்கிறவர், இதையும் சமாளித்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். இரண்டு வாரத்தில் ஆட்சேபணை ஒன்றுகூட வரவில்லை. ஒருவர் மட்டும் "நல்ல முடிவு, எப்போதோ செய்திருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். எடுத்துவிட்டேன். பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் முந்தைய பதிப்பை ஏற்றி, அங்கிருந்து புதியதற்கு மாறிக்கொள்ளலாம் என்று அறிவிப்பின் கடைசி வரியில் ஒரு சுற்றுவழியும் எழுதி வைத்தேன். ஆங்கிலத்தில், யாரும் படிக்காத ஒரு பக்கத்தில். இரண்டு முழ தூரத்தில் இருந்தவரிடம் அதை வாயால் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் செய்ததையும் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்த மாதம் கம்பெனி கூப்பிட்டது, பெங்களூருக்குப் போய்விட்டேன். சனி ஞாயிறில் நன்றாகத் தூங்கினேன்.

மறுபடி அவரைப் பார்த்தது இரண்டு வருடம் கழித்து, சத்தியவேடு பஸ் ஸ்டாண்டில். சொந்தத்தில் ஒரு பெண் பார்க்கும் வேலையாகப் போயிருந்தேன். தொழிற்சாலை வண்டியிலிருந்து ஒரே மாதிரிச் சட்டை போட்ட பெண்கள் இறங்கினார்கள். அதில் ஒருவர் என்னைப் பார்த்துக் கை ஆட்டினார். கழுத்தில் அடையாள அட்டை. கிட்ட வந்த பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது.

"இங்கயாக்கா? கடை?"

"மூடிட்டேன் தம்பி, ஒரு வருஷம் ஆவுது. எனக்கு அதெல்லாம் மறந்துபூட்ச்சி. புதுசு எதுவும் ஏத்த தெரியல."

டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். ஏதோ இன்னொருவர் கதையைச் சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நகரிக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவே ஒரு கிராமத்தில் தமிழ் மீடியம் உயர்நிலைப் பள்ளி. அவர் படித்த பள்ளி. வருடா வருடம் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்று காட்டினால் பெற்றோர்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்ற மாட்டார்கள் என்று ஹெச்.எம். நினைத்தார். அக்கா எட்டு மெஷின் தயார்செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். பள்ளிக்கு வேண்டிய இணையதளங்கள் பழைய பதிப்பில் திறக்கவில்லை, புதியதுதான் வேண்டும். புதியதை எடுத்து, எப்போதும்போலக் கீழ் அம்புக்குறி ஒரு தட்டு, எண்டர்.

நான் எழுத்துத்திரையை எடுத்ததும் அந்த இடத்துக்கு, அதற்குக் கீழே இருந்த வரி மேலேறிவிட்டது. அது மெமரி சரியாக இருக்கிறதா என்று சோதிக்கிற வரி. அதற்கும் ஏற்றுவதற்கும் சம்பந்தமே இல்லை.

"நம்பரா ஓடிக்கினே கீது தம்பி. புதுசா இன்னாவோ செக் பண்ணுது போலன்னு ஒக்காந்துக்கினு இருந்தேன். ஒரு மெஷினுக்கு அர நாளு. கடைசில பாஸுன்னு வந்திச்சி. அப்பா, பாஸ் ஆயிட்ச்சின்னு சந்தோஷம். பாத்தா உள்ள ஒன்னும் ஏறல."

"மொத லைன்?"

"அத்த தட்னா திரை கறுப்பாவே நிக்கிது."

"அப்புறம்?"

"அடுத்த மெஷின்ல பண்ணேன். ஒன்னுல தப்பா தட்டியிருப்பேன், இன்னொன்னுல வரும்னு. எட்டுலயும் பண்ணேன். நாலு நாளு."

எட்டு மெஷின்களுக்கு முன்னால் நான்கு நாட்கள். எட்டும் பாஸ். என்னால் டீயைக் குடிக்க முடியவில்லை.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா."

"நீ பெரிய வேலைல கீற. இத்தப் போயி உன்ன கேக்கறதா? நாமதான் இன்னாவோ தப்பு பண்றோம்னு இருந்தேன்."

பெற்றோர் கூட்டத்தில் கம்ப்யூட்டர் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். ஹெச்.எம். அக்காவைக் காட்டி, இந்தம்மா செய்கிறேன் என்றார், அவரால் முடியவில்லை என்று சொல்லிவிட்டார். "அவரும் இன்னா பண்ணுவாரு, பாவம்" என்றார் அக்கா. அந்த வருடம் பதினோரு பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மெஷின்கள் காயலான் கடைக்கே திரும்பின. அந்தம்மாவுக்கு இப்போதெல்லாம் தெரியவில்லை என்று பேச்சு பரவ, வீடுகளுக்கு ஏற்றிக்கொடுத்தவற்றைப் புதுப்பிக்க வந்தவர்களும் வருவதை நிறுத்தினார்கள்.

"அந்தப் பதினோரு பேர்தான் மனசுல நிக்கிது தம்பி. என்னால போனாங்க."

இதற்கு மேல் எவனுக்கும் வாய் திறக்கும். எனக்கும் திறந்தது, முக்கால்வாசி.

"உங்க தப்பு இல்லக்கா. அந்த வழியையே எடுத்துட்டாங்க."

"எடுத்துட்டாங்களா? ஏன்?"

"யாரும் யூஸ் பண்ணலன்னு."

அவர் முகத்தில் கோபம் வருமென்று பார்த்தேன், வந்தால் எனக்கு நல்லது என்றுகூட நினைத்தேன்.

"அதுவும் சரிதான். யாருமே யூஸ் பண்ணாதத்த வச்சிக்கினு அவங்களும் எத்தினி நாளு கஷ்டப்படுவாங்க" என்றார். டீ கிளாஸ் இரண்டையும் அவரே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். எடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பெங்களூர் வந்தபின் நான்கு நாட்கள் தூக்கம் பிடிக்கவில்லை. எழுத்துத்திரையைத் திரும்பக் கொண்டுவந்தாக வேண்டும் என்று முடிவுசெய்தேன். எடுத்ததைத் திரும்ப வைக்கவும் எங்களுக்கு ஒரு விதி உண்டு. அதைப் பயன்படுத்தியவர் யாராவது தான் பட்ட கஷ்டத்தைக் குழுவுக்கு எழுத வேண்டும். ஒரே ஒரு கடிதம் போதும். நான் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் குழுப் பக்கத்தின் முகவரியை அனுப்பினேன். "நாலு நாள் நடந்ததை அப்படியே எழுதுங்க, எட்டு மெஷின், பள்ளிக்கூடம், கடை, எதையும் விடாதீங்க" என்று கெஞ்சினேன். அவர் எழுதினால் நான் எழுத வேண்டாம். அது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை லீவில் எழுதினார். விண்ணப்பம் எழுதி எழுதிப் பழகிய ஆங்கிலம், "மரியாதைக்குரிய ஐயா" என்று தொடங்கியது. பல வருடங்களாக உங்கள் லினக்ஸால் எங்கள் ஊரில் ஏழைப் பிள்ளைகள் பலர் படித்தார்கள், உங்கள் எல்லோருக்கும் நன்றி, பழைய வழி எனக்குச் சுலபமாக இருந்தது, புதியது எனக்குச் சரியாகத் தெரியவில்லை, அது என் குறை, எனக்காக யாரும் சிரமப்பட வேண்டாம், தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். அவ்வளவுதான். எட்டு மெஷின் இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. கடை இல்லை.

குழுவில் எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். இதயப் படமாக வந்து விழுந்தது. இப்படிப்பட்ட கடிதங்களுக்காகத்தான் நாம் வேலை செய்கிறோம் என்று ஒருவர் எழுதினார். கோரிக்கை எதுவும் இல்லையென்பதால் இதை முடித்துவிடலாமா என்று இன்னொருவர் கேட்டார். இரண்டு வாரம் காத்திருந்தார்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. முடித்துவிட்டார்கள்.

அந்த இரண்டு வாரமும் நான் அந்தப் பக்கத்தைத் தினம் திறந்து பார்த்தேன். நான்கு வரி போதும். இவரை எனக்குத் தெரியும், இவர் கடையில் எட்டு மாதம் உட்கார்ந்திருந்தேன், யாரும் பயன்படுத்துவதில்லை என்று எழுதியபோது இவர் என் முதுகுக்குப் பின்னால் பயன்படுத்திக்கொண்டிருந்தார், நான் பொய் சொன்னேன். டைப் செய்வேன், அழிப்பேன்.

கடிதம் போட்ட அன்றே அக்கா எனக்கு ஒரு செய்தியும் அனுப்பியிருந்தார். அதை முதலில் சொல்லாமல் கடைசிவரை தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"எழுதிட்டேன் தம்பி. அந்தப் பக்கத்துல மேல உன் பேரு போட்டிருந்திச்சி, இத்த எடுக்கணும்னு நீதான் எழுதிகீற. நம்ம நகரி பையன் பேரு அங்க கீதேன்னு ரொம்ப சந்தோஷம். அதான் குறை எதுவும் எழுதல, உன்ன யாருனா கேட்டா உனக்குக் கஷ்டமா பூடும் இல்ல."

அதற்கு நான் அனுப்பிய பதில் ஒரு கும்பிடுகிற கைப் படம். இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. அந்த நான்கு வரியைக் குழுவுக்கு நான் இன்னும் எழுதவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதியிருக்கிறேன், தமிழில். அந்தக் குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.